மணத்தக்காளிக் கீரை ஆற்றிய புண்

எனக்குப் பிடித்தவர்களைப் பற்றிப் பேசச் சொன்னாலும் நான் குறையில்தான் தொடங்குவேன். அது என் சுபாவம். எங்கள் கிளினிக்கில் ஆலோசகராக வந்து சேர்ந்த மேடத்தைப் பற்றியும் முதல் மாதம் முழுக்கக் குறைதான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு ஆளை ஒரு மணி நேரம் உட்கார வைத்துவிடுகிறார், பச்சையாகப் பேசுகிறார், போதாததற்குச் சிரிக்க வேறு சிரிக்கிறார். இரண்டாயிரத்தை ஒட்டிய வருஷங்கள் அவை. அந்த மாதிரி விஷயத்தைப் பேசும்போது முகத்தை இழவு வீட்டில் வைத்துக்கொள்வது போல வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அப்போது என் எண்ணம்.

கிளினிக், மதுரை மேலமாசி வீதியை ஒட்டிய ஒரு சந்தில், மாடியில் இருந்தது. பால்வினை நோய்க்கும் பார்க்கிற இடம் என்றாலும் பலகையில் தோல் நோய் என்று மட்டும்தான் எழுதியிருக்கும். தேமலுக்கும் படைக்கும் வருகிறவர்கள் நேராகப் படியேறுவார்கள். மற்றவர்கள் இரண்டாவது படியில் நின்று தெருவை ஒரு தடவை திரும்பிப் பார்ப்பார்கள். அதை வைத்தே யாருக்கு என்ன பரிசோதனை எழுதி வரும் என்று சொல்லிவிடுவேன். நான் அங்கே லேப் டெக்னீசியன். பசுமலையிலிருந்து சைக்கிளில் வந்து ரத்தம் எடுத்து, மைக்ராஸ்கோப்பில் கண் வைத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகிறவன்.

என் லேபுக்கும் மேடத்தின் அறைக்கும் நடுவே ஒரு பிளைவுட் தடுப்பு இருந்தது. கூரை வரைக்கும் எட்டாத தடுப்பு. அங்கே பேசுவது இங்கே கேட்கும். வந்த இரண்டாம் நாளே மேடம் இதற்காக டாக்டரிடம் சண்டை போட்டார். டாக்டர் ஒரு டேபிள் ஃபேன் வாங்கிக் கொடுத்து, அந்தச் சத்தத்தில் ஒன்றும் கேட்காது என்றார். எல்லாம் கேட்டது. மேடம் நேராக என்னிடம் வந்தார்.

"காதுல விழுறதுக்கு நீங்க என்ன செய்வீங்க சார்? ஆனா இங்க கேட்டது படியிறங்கக் கூடாது."

இத்தனை வருஷம் இறங்கவில்லை. இப்போது எழுதுவதிலும் ஆள் அடையாளம் தெரியாதபடி மாற்ற வேண்டியதை மாற்றியிருக்கிறேன்.

மேடம் சௌராஷ்டிரக் குடும்பம். வீட்டில் அவர்கள் மொழி, வெளியே நம்மைப் போலவே மதுரைத் தமிழ். திருநகரிலிருந்து டவுன் பஸ்ஸில் வருவார். இந்த வேலையைப் பற்றி வீட்டில் என்ன சொல்லியிருக்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "மாமியார்ட்டயே சொல்லிட்டேன். ஒரு வாரம் மூஞ்சியத் திருப்பிக்கிட்டாங்க. அப்புறம் அவங்களுக்கே ஒரு சந்தேகம் வந்துச்சு, வந்து பக்கத்துல உக்காந்துட்டாங்க" என்றார்.

இங்கே என்னைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ஒரு விழிப்புணர்வு நாடகக் குழுவில் நடித்துக்கொண்டிருந்தேன். சம்பளம் கிடையாது, கைதட்டல்தான். எய்ட்ஸ் வந்தவரின் டம்ளரைத் தனியாக எடுத்து வைக்கிற குடும்பத்தைத் திட்டுவது என் வேஷம். "எச்சில்ல பரவாது! எச்சில்ல பரவாது!" என்று தொண்டை கிழியக் கத்துவேன். எய்ட்ஸைப் பொறுத்தவரை அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அந்த நாட்களில் எய்ட்ஸ் என்ற ஒரு பயத்துக்கு முன்னால் மற்ற பால்வினை நோய்களை எல்லோரும் மறந்தே போயிருந்தார்கள். நானும்தான்.

ஒரு நாள் காலையில் முப்பது முப்பத்திரண்டு வயது வியாபாரி ஒருவர் வந்தார். சேலைகளை வெளியூர்க் கடைகளுக்குக் கொண்டுபோய்ப் போடுகிறவர். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் செம்புள்ளிகள். அரிப்பு இல்லை, வலி இல்லை. டாக்டர் பார்த்த மாத்திரத்தில் சிபிலிஸுக்கான ரத்தப் பரிசோதனையும், கூடவே எய்ட்ஸ் பரிசோதனையும் எழுதி அனுப்பினார். எய்ட்ஸ் இல்லை. சிபிலிஸ் இருந்தது. மேகப்புண் என்று ஊரில் சொல்வார்களே, அதுதான்.

மேடத்தின் அறையில் அவர் உட்கார்ந்ததும் முதலில் கேட்டது நோயைப் பற்றி அல்ல. "மேடம், நீங்க எங்க ஆளுகளா?" என்று கேட்டார். மேடத்தின் முகத்தில் ஏதோ ஒரு சாயல் தெரிந்திருக்க வேண்டும். அட்டையில் இருந்த பெயரை வைத்து மேடத்துக்கும் அவர் சௌராஷ்டிரர் என்று தெரிந்திருக்கும்.

"இல்லண்ணே. நான் இங்கிட்டுத் தமிழ் ஆளுதான்" என்றார் மேடம், கொஞ்சமும் தடுமாறாமல்.

என் கையில் இருந்த சோதனைக் குழாயைக் கீழே வைத்துவிட்டுத் தடுப்பைப் பார்த்தேன். வியாபாரி பெருமூச்சு விட்டது தடுப்புக்கு இந்தப் பக்கம் கேட்டது. அதற்குப் பிறகுதான் அவர் பேசவே தொடங்கினார்.

"நான் ஜாக்கிரதையாத்தான் இருந்தேன் மேடம். வெளியூர்ல ஒரு பழக்கம். எய்ட்ஸுன்னா எனக்கு அம்புட்டுப் பயம். அதனால மத்தது எதுவுமே வேணாம்னு வாயோட நிறுத்திக்கிட்டேன். வாயில என்ன வந்துரப் போகுது? சமயநல்லூர்ல நாடகம் போட்டாங்க, ஒருத்தரு கத்துனாரு பாருங்க, எச்சில்ல பரவாதுன்னு. அதக் கேட்டப்புறம்தான் நிம்மதியாச்சு."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. நாடகத்தில் கத்துகிறவன் யார் என்று மேடத்துக்குத் தெரியும்.

"அவரு சொன்னது எய்ட்ஸுக்குண்ணே. வாய்வழி உறவுல எய்ட்ஸ் வர்றது ரொம்பக் குறைச்சல், ஆனா வரவே வராதுன்னு சொல்ல முடியாது. மேகப்புண்ணுக்கு வாயும் ஒண்ணுதான், மத்ததும் ஒண்ணுதான். வெட்டை நோய், அதான் கொனோரியா, தொண்டைக்குள்ளயே இருக்கும், ஆளுக்குத் தெரியவே தெரியாது. உங்களுக்கு வாயில புண்ணு எதும் வந்துச்சா?"

வந்திருந்தது. மூன்று மாதத்துக்கு முன்னால், கீழ் உதட்டின் உட்பக்கம், ஒன்றே ஒன்று.

"சூடுன்னு நெனச்சேன். வீட்டுல மணத்தக்காளிக் கீரையத் தேங்காய்ப்பால் ஊத்தி வச்சுக் குடுத்தா. ஒரே மாசத்துல இருந்த இடம் தெரியாம ஆறிருச்சு."

எங்கள் ஊரில் வாய்ப்புண்ணுக்கு யாரும் டாக்டரிடம் போக மாட்டார்கள். வயிற்றில் சூடு, அதனால் வாயில் புண், அதற்கு மணத்தக்காளி. நானும் அப்படித்தான் வளர்ந்தேன். லேப் டெக்னீசியனாக இருந்துகொண்டு, நானே அந்த இடத்தில் இருந்திருந்தாலும் கீரைக்காரியைத்தான் தேடியிருப்பேன்.

"கீரை மேல தப்பில்லண்ணே. நானும் வாரத்துல ரெண்டு நாள் வைக்கிறேன். ஆனா இந்தப் புண்ணு எதுவுமே சாப்பிடலைன்னாலும் தானா ஆறிரும். வெளிய ஆறிட்டு ரத்தத்துல போய் உக்காந்துக்கும். இப்பக் கையில தெரியுது பாருங்க, அதுதான். வலிக்கிற புண்ணக்கூட ரெண்டு நாள் பாக்கலாம். வலிக்காத புண்ணுன்னா மறுநாளே டாக்டர்ட்டக் காட்டணும்."

பென்சிலின் ஊசி போட்டால் தீரும் நோய் என்று சொன்னதும் வியாபாரி அழுதுவிட்டார். அழட்டும் என்று மேடம் காத்திருந்தார். பிறகு, வெளியூரில் இருக்கும் அந்த நபருக்கும் சொல்லிச் சிகிச்சைக்கு அனுப்பச் சொன்னார். ஆணா பெண்ணா என்று கேட்கவில்லை. இழுப்பறையிலிருந்து ஆணுறையையும் ஒரு சின்னக் கத்தரிக்கோலையும் எடுத்திருக்க வேண்டும். அந்தக் கத்தரிக்கோலின் சத்தம் எனக்கு அத்துபடி.

"ஆணுக்குன்னா ஆரம்பத்துல இருந்தே உறை போட்டுத்தான் வாய் வைக்கணும். பாதியில போட்டாப் பிரயோசனம் இல்ல. பொண்ணுக்குன்னா இந்தா, நுனிய வெட்டி, பக்கத்துல நீளமா ஒரு வெட்டு. விரிச்சா ஒரு ஷீட்டு. அதை மேல போட்டுக்கிட்டுத்தான். கவரைப் பல்லால கிழிக்காதீங்க, உறையும் கிழிஞ்சிரும். வாயில புண்ணு இருந்தாலோ, ஈறுல ரத்தம் வந்தாலோ அன்னைக்கு எதுவும் வேணாம். அதுக்கு முன்னாடி பல்லு வெளக்கவும் வேணாம், ஈறு கீறிக்கும். வெறும் தண்ணியில கொப்பளிங்க, போதும்."

எங்கள் டாக்டர் இருபது வருஷ அனுபவத்தில் ஒரு நோயாளியிடமும் இதைச் சொல்லி நான் கேட்டதில்லை. இந்த அம்மா சேலைக்குக் குஞ்சம் கட்டச் சொல்லிக்கொடுக்கிற குரலில் சொன்னார். அன்றைக்குத்தான் குறை சொல்வதை விட்டேன்.

அடுத்து அவர் கேட்ட கேள்விதான் எல்லாவற்றையும் மாற்றியது. "வீட்டுல அண்ணி எப்படி இருக்காங்க?"

"மாசமா இருக்கா மேடம். அஞ்சாம் மாசம்."

தாய்க்கு இந்த நோய் இருந்து கவனிக்காமல் விட்டால் வயிற்றிலேயே பிள்ளை இறந்து போகலாம், பிறந்தாலும் நோயோடு பிறக்கலாம். இப்போதே ஊசி போட்டால் பிள்ளையைக் காப்பாற்றிவிடலாம். மேடம் இரண்டையும் ஒளிக்காமல் சொன்னார். ஒரு வாரத்துக்குள் மனைவியைக் கூட்டிவரச் சொன்னார்.

"நீங்க அவகிட்ட எதுவும் சொல்லிரக் கூடாது மேடம்."

"நானாச் சொல்ல மாட்டேன். ஆனா எதுக்கு ஊசின்னு தெரியாம அவங்களுக்குப் போட மாட்டோம். நீங்க சொல்லுங்க, நான் பக்கத்துல இருக்கேன்."

அவர் ஊசி போட்டுக்கொண்டு போனதும் நான் எழுந்து போய், ஏன் பொய் சொன்னீர்கள் என்று கேட்டேன். "நம்ம ஆளுன்னு தெரிஞ்சா வாயத் தொறந்திருப்பாரா சார்? நாளைக்கு ஒரு கல்யாண வீட்டுல என்னையப் பாக்கணும்ல?" என்றார். சரிதான் என்று பட்டது.

அந்த வாரம் அவர்கள் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. ரகசியம் காக்க வேண்டும் என்பதால் வீட்டைத் தேடிப் போகக் கூடாது, ஆள் அனுப்பக் கூடாது. படியில் காலடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் மேடம் எட்டிப் பார்ப்பார். அவர்கள் தெருவில் தனக்குச் சொந்தக்காரர்கள் இருந்தும் யாரிடமும் ஒரு சொல் விசாரிக்கவில்லை. மதியச் சாப்பாட்டு டப்பாவை மூடியபடியே திருப்பி எடுத்துக்கொண்டு போனார். "இன்னைக்கு வந்துருவாங்க சார்" என்பார் என்னிடம். அதற்கு மட்டும் நான் எதிர்த்துப் பேசவில்லை.

மூன்றாவது வாரம், ஒரு புதன்கிழமை முற்பகலில் இருவரும் வந்தார்கள். மனைவி மெலிந்த பெண். வயிறு லேசாகத் தெரிந்தது. மேடத்தின் எதிரே உட்கார்ந்தபடி கணவனும் மனைவியும் தங்கள் மொழியில் பேசிக்கொண்டார்கள். எனக்கு ஒரு சொல் புரியவில்லை. மேடம் பிறகு சொன்னதை வைத்துத்தான் எழுதுகிறேன்.

இது சத்து ஊசி, ரத்தம் குறைவாக இருப்பதால் போடுகிறார்கள் என்று அவர் மனைவியிடம் சொல்லியிருக்கிறார். அதற்கு அந்தப் பெண், போன மாதம் எனக்கும் உதட்டில் ஒரு புண் வந்தது, வலிக்கவில்லை, பிள்ளைச் சூடு என்று கீரை வைத்துச் சாப்பிட்டேன், அதையும் டாக்டரிடம் சொல்லட்டுமா என்று கேட்டிருக்கிறார். அதெல்லாம் இவர்களிடம் சொல்லாதே என்றிருக்கிறார் கணவர்.

ஒன்றும் புரியாதவர் போல மேடம் சிரித்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார். பிறகு தமிழில், "நீங்க முதல்ல பக்கத்து ரூம்ல ரத்தம் குடுத்துட்டு வாங்கம்மா" என்று அந்தப் பெண்ணை மட்டும் என்னிடம் அனுப்பினார்.

அந்தப் பெண்ணின் கையில் ரப்பர் பட்டையைக் கட்டி நரம்பைத் தட்டிக்கொண்டிருந்தேன். தடுப்புக்கு அந்தப் பக்கம் மேடத்தின் குரல் மிகத் தாழ்வாக ஏதோ சொன்னது. தமிழ் இல்லை என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது. ஒரே ஒரு வாக்கியம்தான். பொய் சொல்லி அவளுக்கு ஊசி போட விடமாட்டேன், நீங்கள் சொல்லுங்கள், நான் கூட இருக்கிறேன் என்று சொன்னாராம்.

வியாபாரி கத்தினார். தன் மொழியில், முழுக் குரலில். அவள் பக்கத்து அறையில் இருப்பதை மறந்துவிட்டார். நீயும் நம்ம ஆளா, என்னை ஏமாற்றிவிட்டாயே, வெளியூரில் நடந்ததையெல்லாம் உன்னிடம் கொட்டினேனே, அங்கே போய் இந்த நோயை வாங்கி வந்தேன் என்று இவளிடம் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு சொல்வேன் என்று கத்தியிருக்கிறார். ஆக, சொல்லியே விட்டார்.

எனக்கு எதுவும் புரியவில்லை. ஆனால் என் கையில் இருந்த அந்தப் பெண்ணின் கை புரிந்துகொண்டது. மூடிய விரல்கள் மெல்ல விரிந்தன. முகத்தில் ஈயாடவில்லை. நான் ஊசியைக் கீழே வைக்கப் போனேன்.

"எடுங்க சார். எம்புட்டு வேணுமோ எடுத்துக்கங்க" என்றார் தமிழில்.

எடுத்தேன். பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு அவர் எழுந்து அடுத்த அறைக்குப் போனார். பின்னால் நானும் போய் வாசலில் நின்றேன். அவர் கணவனைப் பார்க்கவில்லை. மேடத்தைப் பார்த்து அவர்கள் மொழியில் ஒரு கேள்வி கேட்டார். அது மட்டும் எனக்கு மொழிபெயர்ப்பு இல்லாமலே புரிந்தது, ஏனென்றால் கை வயிற்றின் மேல் இருந்தது. மேடம் எழுந்து வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு பதில் சொன்னார்.

பரிசோதனையில் அந்தப் பெண்ணுக்கும் நோய் இருந்தது. வியாபாரியின் உதட்டுப் புண் இருந்த நாட்களில் முத்தத்திலேயே தொற்றியிருக்கும் என்றார் டாக்டர். மருந்து ஒத்துக்கொள்கிறதா என்று தோலுக்கடியில் கொஞ்சம் செலுத்தி அரைமணி நேரம் பார்த்துவிட்டு ஊசி போட்டார்கள். அந்த அரைமணி நேரத்தில் மேடம் இருவரையும் உட்கார வைத்து, டாக்டர் சொல்லும் வரை எந்த வழியிலும் உறவு கூடாது என்றும், அதற்குப் பிறகு எப்படிப் பாதுகாப்பாக இருப்பது என்றும் கத்தரிக்கோலோடு எல்லாவற்றையும் மறுபடி சொன்னார். பாதியில் அந்தப் பெண், "இவரு வாய் இனிமே சாப்பிட மட்டுந்தான் அக்கா" என்றார். அன்றைக்கு அவரால் அப்படிப் பேச முடிந்ததை இப்போது நினைத்தாலும் எனக்கு மலைப்பாக இருக்கிறது. வியாபாரி தலையைத் தூக்கவில்லை. போகும்போது மேடம் அவரிடம், "பொய் சொன்னது என் தப்புதாண்ணே, மன்னிச்சுக்கங்க" என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. நீங்கள் எதற்கு மன்னிப்புக் கேட்கிறீர்கள் என்று பிறகு சண்டைக்குப் போனேன்.

"நல்லதுக்குச் சொன்னாலும் பொய் பொய்தான் சார். அவரு நம்பிப் பேசுனாரு."

அதற்குப் பிறகு தன் சமூகத்தில் யார் வந்தாலும் மேடம் முதல் வார்த்தையிலேயே, "நான் உங்க ஆளுதான். வெளிய போகாது. வேற ஆள்ட்டப் பேசணும்னா ஏற்பாடு பண்றேன்" என்று சொல்லிவிடுவார். ஒன்றிரண்டு பேர் எழுந்து போனார்கள். மற்றவர்கள் உட்கார்ந்தார்கள். நான் என் பங்குக்கு நாடகக் குழுவில், எச்சில் வசனத்துக்குப் பக்கத்தில் வாய்வழி உறவைப் பற்றியும் ஒரு வசனம் வேண்டும் என்றேன். குடும்பத்தோடு பார்க்கிறார்கள் என்று மறுத்துவிட்டார்கள். நாடகம் முடிந்ததும் டீக்கடை ஓரம் நின்று, வலிக்காத வாய்ப்புண்ணைப் பற்றி நானே ஆண்களிடம் சொல்லத் தொடங்கினேன். சிரித்தார்கள். சிரித்தவர்களில் சிலர் பிறகு எங்கள் படியில் நின்று தெருவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

குழந்தை மாதம் நிறைந்து பிறந்தது. பெண் குழந்தை. குழந்தை டாக்டர் முன்னெச்சரிக்கையாக ஓர் ஊசி போட்டார். ஆனால் தாயின் ரத்தத்தில் இருக்கும் நோயின் அடையாளம் பிள்ளையின் ரத்தத்திலும் கொஞ்ச நாள் தெரியும், அதனால் முதல் பரிசோதனையை வைத்து எதுவும் சொல்ல முடியாது, சில மாதங்கள் பார்க்க வேண்டும் என்றார். முதல் தடவை கொஞ்சம் இருந்தது. மூன்றாம் மாதம் அதைவிடக் குறைவு. ஒவ்வொரு தடவையும் பிஞ்சுக் கையில் நான்தான் ஊசி குத்தி ரத்தம் எடுத்தேன். கணவரும் கூட வருவார், வெளி பெஞ்சில் உட்காருவார்.

மூன்றாம் மாதம் அவர்கள் போன பிறகு மேடம் என்னிடம், "கவனிச்சீங்களா சார்? அந்தப் பொண்ணு இன்னும் பிள்ளைக்கு ஒரு முத்தம் குடுக்கல" என்றார். நான் கவனித்திருக்கவில்லை. தோளில் போடுவார், தட்டுவார், கன்னத்தில் விரலை வைத்து எடுத்துத் தன் விரலை மடக்கிக்கொள்வார். உதட்டை மட்டும் பிள்ளையின் பக்கத்தில் கொண்டுபோக மாட்டார். உங்களுக்குச் சரியாகிவிட்டது, தாராளமாகக் கொடுக்கலாம் என்று மேடம் எத்தனையோ தடவை சொல்லியும், "பிள்ளைக்கு இல்லன்னு தெரியட்டும் அக்கா" என்பதோடு முடித்துவிடுவாராம்.

ஆறு மாதம் முடிந்து மறுபடி வந்தார்கள். குழந்தையின் ரத்தத்தில் பிரிந்த தெளிநீரைக் கண்ணாடித் தட்டில் வைத்து, மருந்து கலந்து ஆட்டி, மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். நோயின் அடையாளம் இருந்தால் துகள்கள் கட்டிகட்டியாகத் திரளும். இல்லையென்றால் மணலை இறைத்ததுபோலச் சிதறிக் கிடக்கும். சிதறிக் கிடந்தன. என் கண்ணை நான் நம்பவில்லை, மறுபடி செய்தேன். மேடம் தலைக்கு மேல் நின்று, "இன்னொரு தடவை" என்றார். மூன்றாவது தடவையும் செய்தேன்.

மேடம் அந்தப் பெண்ணிடம் போய் அவர்கள் மொழியில் சொன்னார். சொல்லும்போதே அவர் குரல் உடைந்துவிட்டது. வருஷக்கணக்கில் அந்தத் தடுப்புக்கு அந்தப் பக்கம் எத்தனையோ பேர் அழக் கேட்டிருக்கிறேன். மேடம் அழுது கேட்டது அன்றைக்குத்தான்.

அந்தப் பெண் குழந்தையை இரண்டு கையாலும் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். நெற்றியில், கண்ணில், கன்னத்தில், உள்ளங்காலில் என்று நிறுத்தாமல் முத்தம் கொடுத்தார். பிறந்ததிலிருந்து அம்மாவின் உதடு பட்டறியாத குழந்தை பயந்துபோய் வீறிட்டு அழுதது.